விலை குறைந்த மேக்கப் பிரஷ் செட்: நான்கு மாதம் கழுவிப் பார்த்த குறிப்புகள்

போன வருஷக் கடைசியில் என் தாடையோரம் வரிசையாகப் பருக்கள் வந்தன. நாற்பது வயசுக்கு மேல இதென்ன புதுசா என்று தோல் டாக்டரிடம் போனேன். அவர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "மேக்கப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"ஆபீஸ் போற நாள்ல மட்டும்தான் டாக்டர். காம்பாக்ட், கொஞ்சம் பிளஷ், கண் மை. அவ்வளவுதான்."

"கையால போடுவீங்களா, பிரஷ்ஷா?"

"பிரஷ்."

"அதைக் கடைசியா எப்போ கழுவினீங்க?"

பதில் இல்லை. மூன்று வருஷமாக வைத்திருந்த பிரஷ் அது. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்தது, விலை உயர்ந்ததுதான். அதைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பல் தேய்க்கிற பிரஷ்ஷை மூணு மாசத்துக்கு ஒருமுறை மாத்துறேன், தலைவாரும் சீப்பைக்கூட மாசத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணியில் ஊறப்போடுறேன். தினமும் முகத்தில் தேய்க்கிற பொருளை மட்டும் மறந்திருக்கிறேன். டாக்டர் ஒரு களிம்பு எழுதிக்கொடுத்து, "பிரஷ்தான் காரணம்னு சொல்லல. ஆனா முதல்ல அதைக் கழுவுங்க" என்றார்.

அன்று இரவே கழுவினேன். தண்ணீர் டீ நிறத்தில் போனது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, மயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், உலோகக் குழல் கைப்பிடியிலிருந்து தனியாகக் கழன்று மேஜையில் கிடந்தது. அதுவரை 'நல்ல பிரஷ்' என்று நான் நினைத்திருந்தது, ஒருமுறை கூடக் கழுவப்படாத பிரஷ் என்பதுதான் உண்மை.

இதிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. மேக்கப் பிரஷ்ஷுக்கு நாம் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது? தினசரி உபயோகத்துக்கு, வாரம் ஒருமுறை கழுவினாலும் தாங்குகிற மாதிரி, ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு செட் கிடைக்குமா? வாங்கி, கழுவி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வாங்கிய மூன்று செட்

கடைப் பெயர், கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்.

அ: ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியது. 250 ரூபாய், 12 பிரஷ், ரெக்சின் பையோடு. அட்டையில் 'இயற்கை மயிர்' என்று போட்டிருந்தது. எந்த விலங்கின் மயிர் என்று போடவில்லை.

ஆ: ஆன்லைனில் வாங்கியது. 450 ரூபாய், 10 பிரஷ். செயற்கை நார் என்று தெளிவாக எழுதியிருந்தது.

இ: இதுவும் ஆன்லைன். 900 ரூபாய், 6 பிரஷ் மட்டும். செயற்கை நார்.

வீட்டில் இதைப் பார்த்த தங்கை, "அக்கா, ஒரு மூஞ்சிக்கு இருபத்தெட்டு பிரஷ்ஷா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கும் பின்னால் கணக்கு வருகிறது.

பிரஷ்ஷுக்குள் என்ன இருக்கிறது

எந்தப் பிரஷ்ஷை எடுத்தாலும் அதில் நான்கு பொருட்கள்தான். மேலே மயிர் அல்லது நார். அதைப் பிடித்திருக்கும் உலோகக் குழல், பெரும்பாலும் அலுமினியம். கீழே மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ கைப்பிடி. நான்காவது, நம் கண்ணுக்குத் தெரியாத பசை. குழலுக்குள் நாரின் அடிப்பகுதியைப் பிடித்திருப்பதும் பசைதான், குழலைக் கைப்பிடியோடு சேர்த்து வைத்திருப்பதும் பசைதான். குழலைச் சுற்றி இரண்டு மூன்று கோடு மாதிரி அழுத்தியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. உலோகத்தை நெரித்து மரத்தோடு இறுக்கும் வேலை.

கடையில் நாம் தடவிப் பார்ப்பது முதல் பொருளை மட்டும்தான். பிரஷ் செத்துப்போவது பெரும்பாலும் நான்காவது பொருளால். என் பழைய பிரஷ்ஷில் நடந்ததும் அதுதான்.

மயிர்

பழைய காலத்துப் பிரஷ் எல்லாம் விலங்கு மயிர்தான். ஆடு, அணில், குதிரை, மரநாய் வகைப் பிராணிகள் என்று பட்டியல் நீளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஒட்டக மயிர்ப் பிரஷ்' என்று உலகம் முழுக்க விற்கிறார்கள். அதில் ஒட்டக மயிர் கிடையாது. அணில், ஆடு, குட்டைக் குதிரை என்று கிடைத்ததைக் கலந்து செய்வதற்கு வைத்த வியாபாரப் பெயர் அது.

விலங்கு மயிருக்கு ஒரு நிஜமான நன்மை இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மயிரின் மேற்பரப்பு ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில் செதிலாக இருக்கும். நம் தலைமுடியும் அப்படித்தான். பவுடர் துகள்கள் அந்தச் செதில்களில் தங்கி, முகத்தில் தடவும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் பவுடர் திட்டுத் திட்டாக விழாது. ஆனால் திரவம் என்று வந்தால் இதுவே பிரச்சினை. மயிர் எண்ணெயையும் நீரையும் உறிஞ்சும். ஃபவுண்டேஷனில் பாதியைப் பிரஷ் குடித்துவிடும், கழுவினாலும் எளிதில் போகாது.

விலங்கு மயிர் மென்மையாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. மயிரின் இயல்பான கூர்நுனி வெட்டப்படாமல் இருக்க வேண்டும். விலங்கின் உடலில் வளரும் மயிர் நுனியில் ஊசி மாதிரி மெலிந்துகொண்டே போகும். அந்த நுனிதான் தோலில் படும்போது மெத்தென்று இருக்கும். பிரஷ்ஷுக்கு உருண்டை வடிவம் வேண்டும் என்று கத்தரியால் வெட்டிவிட்டால், ஒவ்வொரு மயிரும் தட்டையான முனையோடு நிற்கும். சவரம் செய்த மறுநாள் தாடை குத்துவது ஏன் என்று யோசித்தால் புரிந்துவிடும்.

வெட்டாமல் எப்படி உருண்டை வடிவம் கொண்டுவருவது? இதில் பெயர் பெற்ற ஊர் ஜப்பானில் ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குமானோ. மலை சூழ்ந்த சின்ன ஊர், விளைநிலம் குறைவு. எடோ காலத்தின் பிற்பகுதியில் அங்கிருந்த விவசாயிகள் வேலை இல்லாத மாதங்களில் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போய், திரும்பும் வழியில் நாரா பக்கம் எழுதுகோல் பிரஷ்ஷும் மையும் வாங்கி விற்றிருக்கிறார்கள். பிறகு அவர்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்று ஜப்பானில் தயாராகும் பிரஷ்களில் சுமார் 80 சதவீதம் அந்த ஒரே ஊரிலிருந்து வருகிறது. எழுத்துப் பிரஷ் செய்த அதே கைகள்தான் பின்னாளில் மேக்கப் பிரஷ்ஷுக்கு மாறின. மரக் கிண்ணம் மாதிரி ஒரு அச்சுக்குள் மயிரின் நுனி கீழே இருக்கும்படி போட்டு, தட்டித் தட்டி வடிவத்தைக் கொண்டுவருவார்கள். நுனியில் கத்தரி படாது. 2011-ல் பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தை வென்ற ஜப்பான் அணிக்கு அந்நாட்டு அரசு தேசிய கௌரவ விருது கொடுத்தபோது, நினைவுப் பரிசாகக் கொடுத்ததும் குமானோ மேக்கப் பிரஷ்தான்.

அந்தக் கைவேலைக்கு விலை உண்டு. 12 பிரஷ் 250 ரூபாய்க்குக் கிடைக்கும்போது அது நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

அ செட்டை எரித்துப் பார்த்தேன்

துணிக்கடைக்காரர்கள் பட்டுக்குச் செய்யும் அதே சோதனைதான். ஒரு இழையைக் கிள்ளி எடுத்து, கிடுக்கியில் பிடித்து, நெருப்பில் காட்ட வேண்டும். விலங்கு மயிர் என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் கையில் பொடியும். செயற்கை நார் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணி மாதிரி ஆகிவிடும்.

அ செட்டின் பெரிய பவுடர் பிரஷ்ஷில் பத்து இழை எடுத்தேன். ஆறு கருகியது, நாலு உருகியது. 'இயற்கை மயிர்' என்ற அட்டைக்குள் கலப்படம். போன் கேமராவில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ் வைத்து நுனியைப் பார்த்தேன். எல்லாம் வெட்டுப்பட்ட தட்டை முனை. கன்னத்தில் வைத்தால் தென்னந்துடைப்பம் ஞாபகம் வந்தது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த விலங்கு என்று எழுதாத 'இயற்கை மயிர்' பிரஷ்ஷை இந்தியாவில் வாங்காமல் இருப்பது நல்லது. நம் ஊரில் ஓவியப் பிரஷ்ஷுக்காகக் கீரிகளைக் கொன்று மயிர் எடுக்கும் வியாபாரம் பல காலமாக நடக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட பிராணி, அதன் மயிரை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2019-ல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு இதற்காகவே பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்தியது. மேக்கப் பிரஷ்ஷில் கீரி மயிர் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெயர் சொல்லாத மயிருக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

செயற்கை நார்

'சிந்தெடிக்' என்றாலே மட்டம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அது பழைய நைலானைப் பற்றிய எண்ணம். 1938-ல் நைலான் முதன்முதலாகக் கடைக்கு வந்ததே பல் தேய்க்கும் பிரஷ்ஷின் நாராகத்தான். அதற்கு முன் பன்றி மயிர். அன்றைய நைலான் நார் தடித்தது, ஈறைக் கிழிக்கும் என்று புகார் வந்தது. பின்னாளில் மெல்லிய நார் வந்த பிறகுதான் சரியானது.

மெல்லியதாக்கினால் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இது என் பி.இ. முதல் வருஷப் பாடம். ஒரு கம்பியை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகாது, 16-ல் ஒரு பங்காகிவிடும். நுனியில் குத்தும்போது மடங்கிக்கொடுக்கும் விசை நீளத்தையும் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்கு விசைக்கே மடங்கிவிடும். ஆக, பிரஷ் மெத்தென்று இருப்பதும் குத்துவதும் பெரும்பாலும் விட்டம், நீளம் ஆகிய இரண்டு எண்களின் விளையாட்டு. பிளாஸ்டிக்கா மயிரா என்பது அதற்கு அடுத்துதான்.

இன்று மேக்கப் பிரஷ்களில் அதிகம் வருவது பிபிடி என்கிற ஒரு வகைப் பாலியெஸ்டர். இதில் இரண்டு வசதி. முதலாவது, நாரின் நுனியைச் சூடான காரக் கரைசலில் முக்கி எடுத்தால் நுனி கரைந்து கரைந்து ஊசியாக மெலியும். விலங்குக்கு இயற்கையாக இருக்கிற கூர்நுனியை ரசாயனத்தால் கொண்டுவந்துவிடுகிறார்கள். குமானோவில் கையால் காப்பாற்றும் அந்த நுனி, இங்கே ஒரு தொட்டியில் கட்டுக் கட்டாகத் தயாராகிறது. விலை குறைந்த பிரஷ் நல்லதாக மாறியதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. இரண்டாவது, பிபிடி தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. நைலான் தன் எடையில் பல சதவீதம் நீரை இழுக்கும், பிபிடி அரை சதவீதம் அளவில் நின்றுவிடும். கழுவிக் காயவைக்கும் பொருளுக்கு இது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. செதில் இல்லாத வழவழப்பான நார் என்பதால் பவுடரைக் குறைவாகத்தான் பிடிக்கும். அதற்காக நாரைக் கொஞ்சம் அலை அலையாக நெளித்துச் செய்கிறார்கள். ஆ செட்டில் பெரிய பிரஷ் இப்படி நெளிந்த நார். காம்பாக்ட் போட எனக்கு அது போதுமானதாக இருந்தது. திரவம், கிரீம் என்றால் செயற்கை நார்தான் மேல். எதையும் குடிக்காமல் முகத்துக்குக் கொடுத்துவிடும்.

கழுவும் சோதனை

முறை எளிமையானது. ஆபீஸ் போகிற நாட்களில் மாற்றி மாற்றி உபயோகம். சனிக்கிழமை இரவு கழுவுவது. கழுவும்போது உதிர்ந்த இழைகளை வெள்ளைத் துணியில் வடிகட்டி எண்ணி எழுதுவது. இப்படிப் பதினாறு வாரம்.

பெரிய பவுடர் பிரஷ்களை மட்டும் ஒப்பிடுகிறேன். அ செட்டில் முதல் கழுவலில் 41 இழை, இரண்டாவதில் 38, எட்டாவதில்கூட 30-க்குக் குறையவில்லை. ஒன்பதாவது வாரம் நடுவில் வழுக்கை விழுந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். ஆ செட்டில் முதல் கழுவலில் 9, அடுத்து 2, அதன் பிறகு ஒன்றோ சுழியமோ. இ செட்டில் முதலில் 3, அப்புறம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

முதல் கழுவலில் கொஞ்சம் உதிர்வது சகஜம். பசையில் சரியாக மாட்டாத இழைகள் அவை. இரண்டாவது, மூன்றாவது கழுவலில் எண்ணிக்கை சட்டென்று இறங்குகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. இறங்கினால் பசை பிடித்திருக்கிறது. இறங்காவிட்டால், எத்தனை தடவை கழுவினாலும் இறங்கப் போவதில்லை.

ஐந்தாவது வாரத்தில் நான் செய்த தப்பு

ஐந்தாவது வாரம் ஆ செட் விறைத்துப்போனது. வாங்கும்போது பஞ்சு மாதிரி இருந்தது, இப்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரகரவென்று இருந்தன. நிறம்கூட மங்கல். 'சரி, 450 ரூபாய்க்கு இவ்வளவுதான்' என்று நோட்டில் எழுதியும் விட்டேன்.

ஆனால் இ செட்டும் லேசாக அப்படியே ஆகிக்கொண்டிருந்தது. வெவ்வேறு தயாரிப்பு, வெவ்வேறு விலை, ஒரே கோளாறு. என் வேலையில் இப்படி வந்தால் இரண்டு புரோகிராமையும் விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவோம். இங்கே பொதுவானவை இரண்டு: எங்கள் அபார்ட்மென்ட்டின் போர் தண்ணி, நான் உபயோகித்த குளியல் சோப்புக் கட்டி.

பதில் கிடைத்துவிட்டது. உப்புத் தண்ணியில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரை வராது, கரையாத வெள்ளைப் படிவமாக மாறும். பாத்ரூம் பக்கெட்டில் வழவழவென்று ஒட்டியிருக்குமே, அதே படிவம். ஒவ்வொரு வாரமும் பிரஷ்ஷைச் சுத்தம் செய்வதாக நினைத்து, நார்களுக்கு நடுவில் சோப்புப் படிவத்தைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்!

சரிசெய்வது சுலபம். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றி, நார் மட்டும் முங்கும்படி ஐந்து நிமிஷம் வைத்து, வாட்டர் கேன் தண்ணியில் அலசினேன். பழைய மென்மை திரும்பியது. அதிலிருந்து சோப்புக்குப் பதில் ஷாம்பு. ஷாம்புவில் இருக்கும் டிடர்ஜென்ட் வகை உப்புத் தண்ணியில் அப்படிப் படிவம் கட்டாது. கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி அல்லது மெட்ரோ வாட்டர். மழைக்காலத்தில் மழைத்தண்ணி பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.

சென்னையில் போர் தண்ணி வரும் வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் 'மட்டமான பிரஷ்' என்று தூக்கி எறிந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டேன்.

நிற்க வைத்துக் காயவைக்கக் கூடாது

பத்தாவது வாரம் ஆ செட்டில் இரண்டு சின்ன பிரஷ்ஷின் குழல் ஆட ஆரம்பித்தது. எங்கள் தெருவில் கல்யாண மேக்கப் செய்யும் ஒரு பெண் இருக்கிறார், அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்ததும் சிரித்தார்.

"கழுவிட்டு டம்ளர்ல நிக்க வெச்சுக் காய வெக்கிறீங்களா மேடம்?"

"ஆமா, பூ மாதிரி நார் மேல இருக்கிற மாதிரி."

"அதான். தண்ணி பூரா குழலுக்குள்ள இறங்கிடும். நாங்க டேபிள் ஓரத்துல தலை மட்டும் வெளியே நீட்டுற மாதிரி படுக்க வெப்போம். இல்லன்னா தலைகீழாக் கட்டித் தொங்க விடுவோம்."

குழலுக்குள் தேங்கும் தண்ணீர் பசையை இளக்கும், மரக் கைப்பிடியை ஊதவைக்கும். மரம் ஊதிச் சுருங்கி, ஊதிச் சுருங்கி, அலுமினியக் குழலின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே கழுவும்போதே குழல் நனையாமல், நார் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக் கழுவ வேண்டும். ஊறப்போடவே கூடாது. ஆடிய இரண்டு பிரஷ்ஷையும் இழுத்துக் கழற்றி, காயவைத்து, வன்பொருள் கடையில் கிடைக்கும் இரண்டு டியூப் எபாக்ஸி பசையால் ஒட்டினேன். ஆறு வாரமாக ஆடவில்லை.

காயும் நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபேன் காற்றில், ஆ செட்டின் பெரிய பிரஷ் ஆறு மணி நேரத்தில் காய்ந்தது. இ செட்டின் தட்டைத் தலை ஃபவுண்டேஷன் பிரஷ், நார் அவ்வளவு நெருக்கம் என்பதால், மறுநாள் மதியம்தான் காய்ந்தது. விலை அதிகமான பிரஷ் என்பதற்காக அது சீக்கிரம் காயாது. நார் நெருக்கம்தான் தீர்மானிக்கிறது. ஈரப் பிரஷ்ஷை ஜிப் பையில் போட்டு மூடினால், நாம் கழுவியதற்கே அர்த்தம் இல்லை.

கழுவாவிட்டால் என்னதான் ஆகும்?

பிரிட்டனில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் 467 உபயோகித்த மேக்கப் பொருட்களைப் பரிசோதித்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். லிப்ஸ்டிக், ஐலைனர், மஸ்காரா, ஃபவுண்டேஷன் தடவும் ஸ்பாஞ்ச் எல்லாம் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றில் பாக்டீரியா. மிக மோசம் ஸ்பாஞ்ச்தான். 93 சதவீத ஸ்பாஞ்சுகளை உரியவர்கள் ஒருமுறைகூடக் கழுவவில்லை. 64 சதவீதம் தரையில் விழுந்து, மறுபடி உபயோகிக்கப்பட்டவை. அந்த ஆய்வில் பிரஷ் இல்லை. ஆனால் தோல் எண்ணெய், இறந்த செல், பவுடர், ஈரம் ஆகியவை சேரும் இடம் என்ற வகையில் பிரஷ்ஷும் ஸ்பாஞ்சின் சொந்தக்காரன்தான். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை பிரஷ்ஷைக் கழுவச் சொல்கிறது.

பிரஷ்ஷால் உயிரே போன வரலாறும் உண்டு. முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைவீரர்கள் பலருக்கு முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் புண் வந்தது. புதிய சவரப் பிரஷ்ஷிலிருந்து வந்தது அது. போரால் நல்ல மயிர் வரத்து நின்றுபோக, சரியாகக் கிருமி நீக்காத குதிரை மயிரை வைத்து மலிவாகச் செய்த பிரஷ்கள். இன்று அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பிரஷ் என்பது தோலுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் இருக்கும் பொருள் என்பதை அந்தக் கதை ஞாபகப்படுத்துகிறது. மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் கண் பிரஷ்ஷையும் கண் மையையும் அக்கா தங்கைக்குள்ளேகூடப் பகிர வேண்டாம்.

தங்கையின் கேள்விக்குக் கணக்கு

நான்கு மாதத்தில் நான் நிஜமாக எடுத்தது ஐந்து பிரஷ்தான். காம்பாக்ட்டுக்குப் பெரியது ஒன்று, ஃபவுண்டேஷனுக்கு ஒன்று, பிளஷ்ஷுக்குச் சாய்வாக வெட்டியது ஒன்று, கண் இமைக்குச் சின்னது ஒன்று, புருவம் வாரும் சுருள் பிரஷ் ஒன்று. விசிறி மாதிரி இருந்த பிரஷ்ஷை எதற்கு என்று கடைசிவரை தேவைப்படவில்லை.

அ செட் பார்வைக்கு ஒரு பிரஷ் 21 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் ஒன்பது வாரத்தோடு கதை முடிந்ததால் 250-ம் நஷ்டம். ஆ செட் பார்வைக்கு ஒன்று 45 ரூபாய், நான் எடுத்த ஐந்துக்குக் கணக்குப் போட்டால் 90. இ செட் பார்வைக்கு 150, எடுத்த ஐந்துக்கு 180. தினசரி ஆபீஸுக்கு ஆ போதும். ஃபவுண்டேஷன் பிரஷ் மட்டும் இ செட்டில் தெளிவாக மேல், கோடு விழாமல் பரப்புகிறது. அதனால் இனிமேல் வாங்கினால் செட்டே வாங்க மாட்டேன். தேவையான நாலைந்தைத் தனித்தனியாக எடுப்பேன்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்:

- நாரைப் புறங்கையில் செங்குத்தாக அழுத்துங்கள், தடவாதீர்கள். தடவினால் எல்லாம் மென்மைதான். அழுத்தினால் வெட்டு முனை குத்திக் காட்டிக்கொடுக்கும்.
- இரண்டு விரலால் நாரைப் பிடித்து மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். ஒன்றிரண்டு வரலாம், கொத்தாக வரக் கூடாது.
- குழலைப் பிடித்துத் திருகுங்கள். ஆடினால் வேண்டாம்.
- எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அதில் நீங்கள் எடுக்கப் போவது எத்தனை என்று எண்ணுங்கள்.
- 'இயற்கை மயிர்' என்று மட்டும் எழுதி, விலங்கின் பெயர் இல்லை என்றால் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே இதைச் செய்துவிட்டு, ஒருமுறை கழுவியும் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிந்த பிறகு முதல் கழுவல் செய்தால் பிரயோஜனம் இல்லை.

பருக்கள் என்னாச்சு என்று கேட்பீர்கள். அடங்கிவிட்டன. ஆனால் நான் பிரஷ்ஷையும் கழுவினேன், டாக்டர் கொடுத்த களிம்பையும் போட்டேன். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு ஒன்றின் மேல் பழியோ பாராட்டோ போட முடியாது. அடுத்த முறை போனபோது டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். உதிர்ந்த மயிர் எண்ணிக்கையைப் படித்துவிட்டு, "கழுவச் சொன்னேன், எண்ணச் சொல்லலையே" என்றார்.

வழுக்கை விழுந்த அ செட்டின் பெரிய பிரஷ்ஷைத் தூக்கிப் போடவில்லை. லேப்டாப் கீபோர்டு தூசி தட்ட வைத்திருக்கிறேன். அதற்கு நுனி தட்டையாக இருப்பதே வசதியாக இருக்கிறது.